பச்சிளம் இதயமும் பெற்றவள் நெஞ்சமும்

மகப்பேறு நம் இல்லங்களில் ஒரு திருவிழா. பேறுகாலத்திற்குத் தாய்வீடு சென்ற மருமகளைக் காணப் பழமும் துணியும் எடுத்துக்கொண்டு செல்வதும், குழந்தைக்கு யார் சாயல் என்று இரு வீட்டாரும் வழக்காடுவதும், பெயர் சூட்டுவதில் பாட்டனாரும் பாட்டியாரும் முந்திக்கொள்வதும் நாம் அறிந்தவையே. அத்தகைய மகிழ்ச்சியின் நடுவே, "குழந்தையின் இதயத்தில் குறை இருக்கிறது" என்று மருத்துவர் சொல்லிவிடுகிறார். அந்நேரம் முதல் வீட்டாரின் கண்கள் அனைத்தும் குழந்தையின்மேல் பதிகின்றன. அது முறையே. ஆயினும் அதே கட்டிலில், பேற்றின் புண் ஆறாத உடலோடும் உறக்கமற்ற விழிகளோடும் மற்றோர் உயிரும் கிடக்கிறது. அவளை எவரும் "நீ எப்படி இருக்கிறாய்?" என்று கேட்பதில்லை. இத்திங்கள் அந்த அன்னையைப் பற்றியே நாம் எண்ணிப் பார்ப்போம்.

இது எங்கோ ஓரிடத்தில் நிகழும் அரிய செய்தியன்று. பிறக்கும் 1000 குழந்தைகளில் ஏறத்தாழ 8 அல்லது 9 குழந்தைகள் இதயத்தில் ஏதேனும் ஒரு குறையோடு பிறக்கின்றன. அவற்றுள் ஏறக்குறைய நான்கில் ஒரு குழந்தைக்கு முதல் ஆண்டிலேயே அறுவை மருத்துவமோ, குழாய்வழி மருத்துவமோ தேவைப்படுகிறது. ஆகவே நம் தெருவிலும் நம் பங்கிலும் இத்துன்பத்தைச் சுமக்கும் தாய் இருக்கக்கூடும்.

"ஓட்டை" என்னும் சொல்

"இதயத்தில் ஓட்டை" என்று நம் மக்கள் சொல்கின்றனர். இச்சொல்லே ஒரு தாயின் நெஞ்சைத் துளைத்துவிடும். ஓட்டைக் குடத்தில் நீர் நில்லாதது போல் இக்குழந்தையின் உயிரும் நில்லாது என்று அவள் எண்ணிவிடுகிறாள். உண்மை அத்துணை கொடியதன்று. இதயத்தின் கீழறைகளுக்கிடையே உள்ள சிறு துளைகளுள் பல, குழந்தை வளர வளரத் தாமாகவே மூடிக்கொள்கின்றன. பெரிய துளைகளை அறுவை மருத்துவத்தால் அடைக்க இயலும். வேறு சில குறைகளில் இரத்தக் குழாய்கள் இடம் மாறியோ குறுகியோ இருக்கும், அவை கடுமையானவை, விரைந்த மருத்துவம் வேண்டுபவை. எனவே, "ஓட்டை" என்று கேட்டவுடன் அழுது புலம்பும் உறவினரைவிட, "எவ்வகைக் குறை? எப்போது மருத்துவம் செய்ய வேண்டும்?" என்று மருத்துவரிடம் கேட்டு, விடையைத் தாளில் எழுதிவரும் உறவினரே தாய்க்குப் பேருதவி செய்தவராவார். அச்சமுற்ற செவியில் மருத்துவர் கூறியவற்றுள் பாதியும் ஏறாது. பின்னர் அமைதியான நேரத்தில் அத்தாளைப் படித்துக் காட்டினால், அவள் மெல்ல மெல்லப் புரிந்துகொள்வாள்.

மற்றொன்றும் அறிய வேண்டும். சில குழந்தைகள் பிறந்தபோது நலமாகவே தோன்றும். கருப்பையில் இரத்த ஓட்டத்திற்கு உதவிய சிறு குழாய் ஒன்று பிறந்த சில நாள்களில் மூடிக்கொள்ளும்போதுதான் குறை வெளிப்படும். பால் குடிக்கையில் நெற்றி வியர்த்தல், இரண்டு வாய் குடித்துவிட்டுக் களைத்துப்போதல், மூச்சு வாங்குதல், எடை ஏறாமை, உதடும் நாவும் நீலம் பாய்தல் ஆகியன அதன் அறிகுறிகள். இவற்றை முதலில் காண்பவள் பெரும்பாலும் தாயே. "பிள்ளை சரியாகப் பால் குடிப்பதில்லை" என்று அவள் சொல்லும்போது, "உனக்குக் கொடுக்கத் தெரியவில்லை" என்று கடிந்துகொள்ளும் வீடுகள் உண்டு. அவள் சொல்லை நம்பி உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்வதே குழந்தைக்கும் தாய்க்கும் செய்யும் முதல் உதவியாகும்.

குற்றவாளிக் கூண்டு வேண்டாம்

குறை தெரிந்தவுடன் வீட்டில் ஒரு வழக்கு மன்றம் கூடிவிடுகிறது. "எங்கள் வமிசத்தில் இப்படி ஒருவருக்கும் இல்லையே" என்பார் ஒருவர். "கிரகணத்தன்று வெளியே வந்தாள்" என்பார் மற்றொருவர். "மாதம் ஏறியும் தறியில் உட்கார்ந்தாள், சொன்னால் கேட்டாளா?" என்பார் பிறிதொருவர். வாய் திறந்து எவரும் சொல்லாவிடினும், அவளே தன்னைக் கூண்டில் நிறுத்திக்கொள்கிறாள். தின்ற பண்டம், தூக்கிய குடம், கணவனோடு போட்ட சண்டை என ஒவ்வொன்றையும் நள்ளிரவில் எண்ணியெண்ணித் தேய்கிறாள்.

இதற்கு அறிவியல் தரும் விடையை இல்லந்தோறும் உரக்கச் சொல்ல வேண்டும். கருவின் இதயம் மூன்றாம் நான்காம் வாரத்திலேயே துடிக்கத் தொடங்கி, எட்டாம் வாரத்திற்குள் பெரும்பாலும் உருவாகி முடிகிறது. தான் கருவுற்றிருப்பதையே பல பெண்கள் உறுதியாக அறியும் முன்னர் அவ்வேலை பெருமளவு நடந்துவிடுகிறது. பெரும்பாலான குழந்தைகளிடம் இன்ன காரணத்தால் குறை வந்தது என்று ஒன்றைச் சுட்டிக்காட்ட மருத்துவராலும் இயலாது. தொடக்க மாதங்களில் தாய்க்கு வரும் ருபெல்லா அம்மை, கட்டுக்கடங்காத நீரிழிவு, வலிப்பு நோய்க்கான சில மருந்துகள், குழந்தையின் மரபணுவில் நேரும் மாறுபாடுகள் ஆகியவை காரணமாகலாம். நெருங்கிய உறவில் மணம் செய்வதும் ஓரளவு இடரைக் கூட்டுகிறது. ஆனால் மாமன் மகனுக்கு இவளை மணம் பேசி முடித்தவர்கள் யார்? இரு வீட்டுப் பெரியோருமே. அவ்வாறிருக்க அவள் ஒருத்திமேல் மட்டும் பழி சுமத்துவது எவ்வகை நீதி?

கிரகணத்திற்கும் குழந்தையின் இதயத்திற்கும் தொடர்பில்லை. தறியில் அமர்ந்து உழைத்ததும் இக்குறைக்குக் காரணமில்லை. "இது உன்னால் வந்ததன்று" என்னும் சொல்லை அவளிடம் ஒருமுறை சொன்னால் போதாது. மருத்துவர் சொல்ல வேண்டும். கணவன் சொல்ல வேண்டும். எல்லாரும் கேட்கும்படி மாமியார் சொல்ல வேண்டும். மாமியார் வாயிலிருந்து வரும் அச்சொல் மருந்தினும் வலியது.

எல்லைப்புறத்து அன்னையர்

திருத்தணியையும் அதன் சுற்றூர்களையும் எண்ணிப் பாருங்கள். 1960 ஏப்ரல் 1 ஆம் நாள் இப்பகுதி ஆந்திரத்திலிருந்து நம் மாநிலத்தோடு இணைந்தது. வரைபடத்தில் கோடு விழுந்ததேயன்றி உறவில் கோடு விழவில்லை. நகரியிலும் புத்தூரிலும் பிறந்த பெண்கள் இப்பக்கம் வாழ்க்கைப்படுகிறார்கள்; இப்பக்கத்துப் பெண்கள் அங்கே செல்கிறார்கள். அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டை போன்ற ஊர்களில் தறியின் ஒலியோடு தமிழும் தெலுங்கும் கலந்தே ஒலிக்கின்றன.

இத்தகைய இளந்தாயின் நிலை இருமடங்கு கடினம். பேறுகாலத்திற்கு அவள் தாய்வீடு சென்றிருப்பாள். குழந்தை பிறந்தது ஒரு மாநிலம். குடும்ப அட்டையும் காப்பீட்டு அட்டையும் இருப்பது மற்றொரு மாநிலம். தாய்மொழி தெலுங்கு, மருத்துவர் விளக்குவதோ தமிழில், இடையிடையே ஆங்கிலத்தில். தலையசைத்துவிட்டு வெளியே வந்து, "என்ன சொன்னார்கள்?" என்று கணவனைக் கேட்பாள். அவனுக்கும் முழுமையாக விளங்கியிராது.

மருத்துவம் தேடிச் செல்ல இவ்வூரிலிருந்து மூன்று திசைகள் உண்டு. அரக்கோணம் வழியாக இரயிலில் சென்னை சென்று எழும்பூர்க் குழந்தைகள் மருத்துவமனையை அடையலாம். மேற்கே வேலூர் செல்லலாம். வடக்கே திருப்பதியில், குழந்தைகளின் இதய நோய்க்கென்றே ஸ்ரீ பத்மாவதி மருத்துவமனை 2021 ஆம் ஆண்டு தேவஸ்தானத்தாரால் திறக்கப்பட்டது. மூன்று திசை இருப்பது நற்பேறே. ஆனால் "சென்னைக்குப் போ" என்று ஒருவரும், "வேலூர்தான் நல்லது" என்று மற்றொருவரும், "திருப்பதியை விட்டுவிட்டாயே" என்று வேறொருவரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தால், எங்கே சென்றாலும் தவறான இடத்திற்கு வந்துவிட்டோமோ என்னும் ஐயம் அவளைக் குடையும். குழந்தையைப் பரிசோதித்த மருத்துவர் காட்டும் வழியில் செல்லத் துணைநிற்பதே நம் கடமை. முடிவெடுத்த பின்னர், அதனைக் குறைகூறிப் பேசலாகாது.

யோபுவின் நண்பர்கள்

துன்புற்ற யோபுவைக் காண நண்பர் மூவர் வந்ததை விவிலியம் கூறுகிறது. ஏழு பகலும் ஏழு இரவும் ஒரு சொல்லும் பேசாமல் அவரோடு தரையில் அமர்ந்திருந்தார்கள். அவ்வேழு நாளும் அவர்கள் உண்மையான நண்பர்களாகவே இருந்தார்கள். துன்பத்திற்குக் காரணம் கற்பிக்க வாய் திறந்த பின்னர்தான் யோபுவின் புண்ணில் கோல் பாய்ந்தது.

நாமும் அவ்வாறே தவறுகிறோம். "கடவுள் தம் அன்பர்களைத்தான் சோதிப்பார்" என்கிறோம். "இறைவன் சித்தம்" என்கிறோம். நம்பிக்கையுள்ள தாய் இவற்றைத் தன் உள்ளத்தில் தானே கண்டடையலாம்; அது அவளுக்கு வலிமையும் தரலாம். பிறர் வாயிலிருந்து வரும்போதோ, குழந்தையின் நோய்க்கு இறைவனே காரணம் என்பது போல் அவள் செவியில் விழுகிறது. "இன்னும் இளவயதுதானே, அடுத்தது நன்றாகப் பிறக்கும்" என்பது அதனினும் கொடிது. மடியில் இருக்கும் மகவுக்கு மாற்று உண்டென்று எந்தத் தாயிடம் சொல்வது? "அழாதே, பால் வற்றிவிடும்" என்று அச்சுறுத்துவதும் வேண்டாம்.

பின் என்னதான் சொல்வது? குழந்தையின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். "கண்கள் அப்பாவைப் போலவே இருக்கின்றன" என்று மகிழுங்கள். வாழ்த்து பெறாத பேறாக அதனை ஆக்கிவிடாதீர்கள். அவள் அழுதால் அருகில் அமருங்கள். பேசினால் குறுக்கிடாமல் கேளுங்கள். பேசாவிடின் நீங்களும் பேசாமல் இருங்கள்.

மற்றொரு நுட்பமான செய்தி. உயிருக்கு ஆபத்தான வேளையில் எவரும் திருமுழுக்கு அளிக்கலாம் என்பதைத் திருச்சபை கற்பிக்கிறது. பெற்றோர் விரும்பினால் அது பேராறுதல். ஆனால் அவர்களைக் கேளாமல் உறவினர் கூடி, கண்ணீரோடும் பரபரப்போடும் அதனைச் செய்ய முற்பட்டால், "குழந்தை பிழைக்காது" என்று அறிவித்ததாகவே தாய் கொள்வாள். அமைதியாக, அவள் இசைவோடு, இயன்றால் அவள் கையிலேயே குழந்தையை வைத்துக்கொண்டு நிகழட்டும்.

கையால் செய்யும் ஆறுதல்

அறுவை மருத்துவத்திற்குரிய செலவில் பெரும்பகுதியைத் தகுதியுள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஏற்கிறது. அங்கன்வாடிகளிலும் பள்ளிகளிலும் பிறவிக் குறைகளைக் கண்டறிந்து மேல்மருத்துவத்திற்கு அனுப்பும் திட்டத்தை நடுவண் அரசு 2013 இல் தொடங்கியது. ஆயினும் வருமானச் சான்றுக்குக் கிராம நிர்வாக அலுவலரைக் காண்பது யார்? படிவத்தை நிரப்புவது யார்? கைக்குழந்தைக்காரி வரிசையில் நிற்க வேண்டுமா? பங்கிலுள்ள அன்பியத்தாரும், வின்சென்ட் தே பவுல் சபையாரும் இவ்வேலையை ஏற்றால், அது நூறு ஆறுதல் மொழிகளுக்கு ஒப்பாகும். தெலுங்கும் தமிழும் அறிந்த ஒருவர் மருத்துவமனைக்கு உடன் சென்றால், அவள் பாதி அச்சத்தைக் கடந்துவிடுவாள்.

வீட்டிலும் செய்யத் தக்கவை பல. இதயக் குறையுள்ள குழந்தைக்குச் சிறிது சிறிதாக, அடிக்கடி பாலூட்ட வேண்டும். குடிக்க இயலாதபோது தாய்ப்பாலைப் பீய்ச்சிப் பாலாடையால் புகட்ட நேரும். ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம் கரையும். இதனை இரவும் பகலும் ஒருத்தியே செய்தால் அவள் உடலும் உள்ளமும் ஒடிந்துவிடும். மருத்துவர் இசைந்தால் பாட்டியும் தந்தையும் பாலாடை பிடிக்கக் கற்கட்டும். சில குறைகளில் குழந்தை திடீரென நீலம் பாய்ந்து மூச்சுத் திணறும். அப்போது முழங்கால்களை மார்போடு மடக்கி அணைத்துக்கொண்டு மருத்துவமனைக்கு விரைய மருத்துவர்கள் கற்பிப்பார்கள். அதனை வீட்டார் அனைவரும் கற்றிருந்தால்தான் தாய் நம்பிக்கையோடு இரண்டு மணி நேரம் கண்ணயர்வாள். இல்லையேல் குழந்தையின் மூச்சை எண்ணிக்கொண்டே விடியல் வரை விழித்திருப்பாள்.

மூத்த பிள்ளை இருந்தால், அவனைப் பள்ளிக்கு அனுப்பும் பொறுப்பை அண்டை வீட்டார் ஏற்கலாம். மருத்துவமனையில் இருப்போருக்கு ஒரு வேளைச் சோறு கட்டி அனுப்பலாம். "ஏதாவது வேண்டுமானால் சொல்" என்பதைவிட, "நாளை காலை உணவு நான் கொண்டுவருகிறேன்" என்பது மேல். கேட்கக் கூசும் உள்ளத்திற்கு முன்னது பயன்படாது.

தந்தையும் அழட்டும்

நம் வீடுகளில் ஆண்மகன் கலங்கக் கூடாது என்பது எழுதாச் சட்டம். ஆகவே கணவன் பணம் திரட்ட ஓடுகிறான். மருத்துவமனைக்கு வெளியே நிற்கிறான். வீடு திரும்பி வாய் திறவாமல் படுத்துவிடுகிறான். "இவருக்குக் கவலையே இல்லை" என்று அவள் எண்ணுகிறாள். "இவள் அழுகையைத் தாங்க முடியவில்லை" என்று அவன் எண்ணுகிறான். ஒரே துயரம் இருவர் நடுவிலும் சுவராகிவிடுகிறது. நாளும் சிறிது நேரம் இருவரும் தனித்து அமர்ந்து, அன்று அஞ்சியதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளட்டும். அதற்கு இடமும் நேரமும் கொடுப்பது பெரியோர் கடமை.

கடுமையான இதயக் குறையுள்ள குழந்தைகளின் பெற்றோரைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2017 இல் வெளிவந்த கட்டுரை ஒன்று, அவர்களுள் 100 க்கு 25 முதல் 50 பேர் வரை மனச்சோர்வோ பதற்றமோ மிகுந்தவராயிருந்தனர் என்று கூறுகிறது. ஆகவே இது அன்னையின் பலவீனமன்று. வாரக்கணக்கில் உறக்கமின்மை, உணவில் வெறுப்பு, குழந்தையைத் தொடவும் அஞ்சுதல், "நான் இருந்து என்ன பயன்?" என்னும் பேச்சு ஆகியன காணப்பட்டால், மந்திரிக்க அழைத்துச் செல்லாதீர்கள், மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். 14416 என்னும் அரசின் தொலைபேசி எண்ணில் கட்டணமின்றி மனநல ஆலோசனை பெறலாம்.

நம்பிக்கைக்கு இடமுண்டு

நீலம் பாய்ந்த குழந்தைகளுக்கு ஒரு காலத்தில் செய்யத்தக்கது ஏதும் இல்லாதிருந்தது. அமெரிக்க நாட்டில் ஹெலன் டாசிக் என்னும் பெண் மருத்துவர் அக்குழந்தைகளுக்காக ஒரு வழி சிந்தித்தார். செவித்திறன் குறைந்த அவர், விரல்களால் தொட்டே குழந்தைகளின் இதயத்தை உணர்ந்தவர். விவியன் தாமஸ் என்னும் கறுப்பின உதவியாளர் ஆய்வுக்கூடத்தில் முறையைச் செப்பம் செய்தார். 1944 நவம்பர் 29 ஆம் நாள் ஆல்பிரட் பிளாலாக் என்னும் அறுவை மருத்துவர் முதன்முதலாக ஒரு பெண் குழந்தைக்கு அதனைச் செய்தார். அக்குழந்தை நெடுங்காலம் வாழவில்லை. ஆயினும் அன்று திறந்த வழியில் பல்லாயிரம் குழந்தைகள் நடந்து வந்தனர். நம் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 1961 இல் திறந்த இதய அறுவை மருத்துவம் நிகழ்ந்தது. அன்று அரிதாயிருந்த மருத்துவம் இன்று அரசு மருத்துவமனையிலும் கிடைக்கிறது. இதயக் குறையோடு பிறந்து, மருத்துவம் பெற்று, வளர்ந்து, பள்ளி செல்வோரும் பணி செய்வோரும் நம்மிடையே உண்டு. அத்தகைய குழந்தையை வளர்த்த ஒரு தாயை இந்த இளந்தாயோடு சந்திக்கச் செய்யுங்கள். நாம் எவரும் சொல்ல இயலாததை அவள் சொல்வாள்.

ஆனால் எல்லாக் குழந்தைகளும் பிழைப்பதில்லை. அவ்வேளையில் தாயைக் குழந்தையிடமிருந்து விலக்கி, "பார்க்க வேண்டாம், தாங்கமாட்டாய்" என்று இழுத்துச் செல்வது நம்மிடையே உள்ள வழக்கம். அவள் விரும்பினால் மடியில் ஏந்தட்டும், முத்தமிட்டு விடைகொடுக்கட்டும். அடுத்த நாளே தொட்டிலையும் துணிகளையும் மறைத்துவிட்டு, பெயரையும் மறைத்துவிடாதீர்கள். மூன்று மாதமே வாழ்ந்தாலும் அது அவ்வில்லத்தின் பிள்ளையே. ஆண்டு நினைவில் அப்பெயரைச் சொல்லிச் செபியுங்கள். பின்னர் மீண்டும் கருவுற்றால், ஏறத்தாழ 18 முதல் 22 வாரங்களுக்குள் கருவின் இதயத்தை ஸ்கேன் செய்து பார்க்கும் வசதி உண்டு; அடுத்த குழந்தைக்கும் குறை நேரும் வாய்ப்பு பெரும்பாலும் 100 க்குச் சில என்னும் அளவே என்பதையும் அவள் அறியட்டும்.

திருத்தணி மலைக்கு ஏற 365 படிகள். ஆடிக் கிருத்திகையன்று காவடியோடு ஏறும் அண்டை வீட்டார், "உங்கள் பிள்ளைக்காகவும் வேண்டிக்கொண்டோம்" என்று கிறிஸ்தவத் தாயிடம் வந்து சொன்னால், அதனை அன்போடு ஏற்றுக்கொள்வோம். அவர்கள் பிள்ளை நோயுற்றால் நாமும் அவ்வாறே செபிப்போம். பச்சிளங்குழந்தையின் துயர் முன் எல்லாரும் ஒரு வீட்டாரே.

அன்பார்ந்த குடும்பத்தாரே, இத்திங்கள் உங்கள் தெருவில் அத்தகைய தாய் ஒருத்தி இருந்தால், அவள் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். குழந்தையை நலம் கேட்ட பின், அவளையும் ஒருமுறை கேளுங்கள்: "நீ சாப்பிட்டாயா அம்மா?"